புல்லுக்குக் கொடுக்கும் குத்தகை

பயிர் எதையும் விதைக்காமல் நிலத்தைப் புல்லுக்கு விடுவதற்கு அரசாங்கம் ஆண்டுதோறும் பணம் தருகிறது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது, அதை ஏதோ ஊழல் செய்தி என்றுதான் எடுத்துக்கொண்டேன். காவிரிப் படுகையில் பிறந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? நிலத்தைத் தரிசாகப் போட்டவனை எங்கள் பக்கத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். இங்கே அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலோ அதற்கு ஒப்பந்தம் உண்டு, வரைபடம் உண்டு, பத்து முதல் பதினைந்து ஆண்டுக் காலக்கெடு உண்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகையும் உண்டு. அக்டோபர் பிறந்தால் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழும்.

டெஸ் மொய்ன் நகரில் பயிர்க் காப்பீடு தொடர்பான கணினி வேலை பார்க்கிறேன். மண்ணைத் தொடாமல் மண்ணின் கணக்கை மட்டும் பார்க்கிற பிழைப்பு. அயோவாவின் 99 கவுண்டிகளும், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுகளும், என் திரையில் வெறும் எண்களாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்று இந்தப் புல் வாடகைப் பணத்தால் எப்படி வாழ்கிறது, எப்படித் தேய்கிறது என்பதைப் போய்ப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

திட்டத்தின் பெயர் கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம், அதாவது நிலத்தைப் பாதுகாப்பாக ஒதுக்கிவைக்கும் திட்டம். எல்லோரும் எழுத்துகளாகச் சுருக்கி சி.ஆர்.பி. என்கிறார்கள். 1985 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட வேளாண் சட்டத்தில் பிறந்தது. எளிதில் அரித்துப்போகும் சரிவு நிலங்களில் உழுவதை நிறுத்திவிட்டுப் புல்லோ மரமோ வைத்தால், அரசு ஆண்டு வாடகை தரும். விதைப்புச் செலவில் பாதி வரைக்கும் ஏற்றுக்கொள்ளும். விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைத்துவிடாது. பொதுச் சேர்க்கையில் ஒவ்வொரு வயலுக்கும் சூழல் பயனைக் கணக்கிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். அரிப்பு, நீரின் தரம், பறவைகளுக்கு இடம் எல்லாவற்றுக்கும் புள்ளிகள் உண்டு. வாடகையைக் குறைத்துக் கேட்டாலும் புள்ளி கூடும். ஆகவே இதை ஒருவகை ஏலம் என்றே சொல்லலாம். இடையில் ஒப்பந்தத்தை முறித்தால் அதுவரை வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1930களின் புழுதிப் புயல்கள் பெருஞ்சமவெளியின் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போன காலத்தில், ஹியூ பென்னட் என்ற மண்ணியல் அறிஞர் ஓயாமல் வாதாடியதன் பலனாக 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில், விளைச்சலைக் குறைக்க விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கும் அதிபர் ரூஸ்வெல்ட்டின் திட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? அதே பணத்தை ‘மண்ணைக் காக்கும் பயிருக்கு மாறுவதற்கான ஊக்கத்தொகை’ என்று பெயர் மாற்றி, சில வாரங்களிலேயே புதிய சட்டம் போட்டார்கள். மண்ணைக் காப்பதும் விவசாயியின் வருமானத்தைக் காப்பதும் அன்றைக்கு ஒட்டிக்கொண்டவை. இன்றுவரை பிரியவில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் திட்டத்தின் ஒவ்வொரு விசித்திரத்தையும் தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் இந்த இரட்டை நோக்கில்தான் போய் முட்டுகிறது.

சி.ஆர்.பி. வந்த நேரத்தைப் பாருங்கள். அயோவாவில் ஓர் ஏக்கரின் சராசரி விலை 1981இல் 2,147 டாலர். 1986இல் 787 டாலர். ஐந்தே ஆண்டுகளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு போய்விட்டது. கடனுக்கு ஈடாக வைத்த நிலம் கடனில் பாதிகூடப் பெறாத நிலையில் வங்கிகளே மூடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் மேட்டு நிலத்துக்குப் பத்தாண்டு நிலையான வாடகை என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? 1990களின் தொடக்கத்தில் அயோவாவில் மட்டும் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் புல்லாகியிருந்தது.

நான் போன கவுண்டி ரிங்கோல்ட். மிசௌரி மாநில எல்லையை ஒட்டிய தெற்கு வரிசையில் இருக்கிறது. வடக்கு அயோவா என்றால் தட்டையான கரிசல், மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம். தெற்கில் அப்படி இல்லை. மேடும் பள்ளமும், அடியில் இறுகிய களிமண், மழை பெய்தால் சரிவில் ஓடைக்கோடு விழும். மாநிலத்தில் இந்தப் புல் மிகுந்த கவுண்டிகளில் இதுவும் ஒன்று. 1900இல் 15,000 பேருக்கு மேல் வாழ்ந்த இடத்தில் 2020 கணக்கெடுப்பில் 4,663 பேர்தான் இருந்தார்கள். தலைநகர் மவுண்ட் ஏரில் நீதிமன்றக் கட்டடம் நிற்கும் சதுக்கத்தைச் சுற்றி நடந்தால், கடைகளைவிடக் கடை இருந்த இடங்கள்தான் கண்ணில் படுகின்றன.

உடன் பணிபுரியும் நண்பர் ஒருவரின் தாயார் அந்தப் பக்கத்துக் கிராமப்புறத்தில் தனியாக இருக்கிறார். எண்பது கடந்தவர். கணவர் இறந்த பிறகு உழும் நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்; சரிவான பகுதி சி.ஆர்.பி.யில் இருக்கிறது. ஒரு ஜூலை மாதத்தில் நண்பரோடு போயிருந்தேன். சமையலறை மேசையில் ஒரு தடித்த கோப்பு. அதற்குள் வானிலிருந்து எடுத்த படம், அதில் வயல்களின் எல்லைக்கோடு, ஒவ்வொரு துண்டுக்கும் எண், எந்த வகைப் புல் என்பதற்கு ஒரு குறியீடு. நம் ஊரில் பட்டா, சிட்டா, அடங்கலைத் துணிப்பையில் சுற்றிப் பீரோவில் வைத்திருப்பார்களே, அதே பத்திரம்.

“சும்மா இருப்பதற்கு அரசாங்கத்திடம் கூலி வாங்குகிறேன் என்று தேவாலயத்தில் ஒருவர் கிண்டல் செய்தார்” என்றார் அவர். “அவர் ஒரு வருஷம் சும்மா இருந்து பார்க்கட்டும்.”

வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தூரத்திலிருந்து பார்க்கும்போது கேட்பாரற்ற புதர்க்காடு மாதிரிதான் இருந்தது. உள்ளே இறங்கியதும் புல் என் மார்பைத் தொட்டது. பறவைக் கால்போல மூன்றாகப் பிரியும் கதிர் விடப்போகும் ஒரு நெடும்புல், இடையிடையே ஊதாக் கூம்புப் பூக்கள், காலடியில் சென்ற வருடத்துக் காய்ந்த தாள்கள் மெத்தைபோல. அந்த மெத்தையை விலக்கி மண்ணைத் தொட்டால் ஈரம். வேலியின் மறுபக்கம் சோயா வரிசைகளுக்கு நடுவே மண் வெடித்திருந்தது. அவர் சுட்டிக்காட்டியது இதையெல்லாம் அல்ல. இடுப்பளவு வளர்ந்திருந்த சிவப்புத் தேவதாருக் கன்றுகளைத்தான். பறவைகள் போட்ட விதையில் முளைப்பவை. விட்டால் ஐந்தாறு வருடத்தில் புல்வெளி காடாகிவிடும். ஒப்பந்தப்படி அதை வெட்டியாக வேண்டும். முள்ளுச்செடி பக்கத்து வயலுக்குப் பரவினால் பண்ணைக்காரர் சண்டைக்கு வருவார். ஆனால் மே நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் தேதிவரை அறுக்கும் இயந்திரத்தை உள்ளே விடக்கூடாது. பறவைகள் கூடுகட்டும் காலம். ஒப்பந்தத்தின் நடுப்பகுதியில் புல்லைக் கிளறிவிடவோ கட்டுப்படுத்தி எரிக்கவோ வேண்டும். எண்பது வயதில் நெருப்பு வைக்க ஆள் தேடுவது எளிதா?

அந்தப் பணத்தில் அவர் முதலில் கட்டுவது நிலவரி. இங்கே வரியில் ஒரு பாதி செப்டம்பர் முடிவதற்குள், மறு பாதி மார்ச் முடிவதற்குள். அக்டோபர் வாடகை இரண்டுக்கும் நடுவே சரியாக வந்து உட்காருகிறது. மிச்சத்தில் தேவதாரு வெட்டும் கூலி போக, வீட்டுக் கூரைக்கு ஏதோ செய்ததாகச் சொன்னார். இந்தத் திட்டத்தில் ஒருவருக்கு ஆண்டு உச்சவரம்பு 50,000 டாலர். அவர் வாங்குவது அதன் அருகில்கூட இல்லை.

இந்த இடத்தில் அவரைக் கண்டு உருகி நின்றுவிட்டால் கதையின் மறுபாதி தெரியாமல் போகும். வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் நிறைய. அயோவாவின் விளைநிலத்தில் பாதிக்கும் மேல் உழுபவருக்குச் சொந்தமில்லாதது. 2017இல் மாநிலப் பல்கலைக்கழகம் எடுத்த கணக்கெடுப்பின்படி நிலத்தின் 60 விழுக்காடு 65 வயதைத் தாண்டியவர்கள் கையில் இருந்தது. புல் வாடகை பெரும்பாலும் போய்ச் சேருவது அவர்களுக்குத்தான். உழ நிலம் தேடும் இளைஞருக்கு அரசாங்கமே போட்டிக் குத்தகைக்காரர்; அதுவும் மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் வாடகை பாக்கி வைக்காத குத்தகைக்காரர். இந்தப் புலம்பல் வாஷிங்டன்வரை எட்டியதால்தான் 2018 வேளாண் சட்டத்தில், பொதுச் சேர்க்கைக்கான வாடகை அந்தக் கவுண்டியின் சராசரிக் குத்தகையில் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. குத்தகை விடும் நிலத்துக்கு மாநிலச் சராசரி 2023இல் ஏக்கருக்கு 279 டாலர். தெற்குக் களிமண் மேட்டுக்கு அதைவிடக் குறைவு.

கவுண்டி என்ற எல்லை இந்தத் திட்டத்துக்குள் இன்னொரு வகையிலும் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. ஒரு கவுண்டியின் விளைநிலத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாகச் சேர்க்கக்கூடாது. காரணம் சூழலியல் அல்ல, கடைத்தெரு. 1956இல் அதிபர் ஐசனோவர் காலத்தில் ‘மண் வங்கி’ என்று இதன் பாட்டன் ஒன்று இருந்தது. 1960இல் அதில் 2.87 கோடி ஏக்கர். அப்போது முழுப் பண்ணையையும் ஒப்படைத்துவிட்டு ஊரைக் காலி செய்துகொண்டு போகலாம், பலர் போனார்கள். உழாத நிலத்துக்கு விதை வேண்டாம், உரம் வேண்டாம், டீசல் வேண்டாம், டிராக்டர் பழுதுபார்ப்பவர் வேண்டாம். தானியக் கிடங்குக்கு வரத்தில்லை. பள்ளிக்குப் பிள்ளை இல்லை. அந்த நினைவில் போட்ட வேலிதான் 25 விழுக்காடு.

சி.ஆர்.பி.யும் ஊர்களைக் காலி செய்ததா? 2004இல் அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதாரப் பிரிவு இதை ஆராய்ந்தது. சேர்க்கை மிகுந்த சில கவுண்டிகளில் 1986 முதல் 1992 வரை வேலைவாய்ப்பு குறைந்தது உண்மை, ஆனால் அந்தத் தொடர்பு 1990களின் போக்கில் நீடிக்கவில்லை. மக்கள்தொகைச் சரிவுக்கும் இதைக் காரணம் காட்ட முடியவில்லை என்பதே முடிவு. ரிங்கோல்டில் மக்கள்தொகை சரியத் தொடங்கியது சி.ஆர்.பி.க்குப் பல பதிற்றாண்டுகள் முன்பே. டிராக்டர் செய்த வேலைக்குப் புல்லைப் பழி சொல்வது நியாயமில்லை. ஆனால் மூடிய விதைக்கடைக்காரரிடம் போய் இந்த ஆய்வைப் படித்துக்காட்டும் துணிச்சல் எனக்கு இல்லை.

புல்லால் வந்த நன்மை கண்ணுக்குத் தெரியும் வகையில் இங்கே ஒன்று உண்டு. அயோவா புல்வெளியில் ஒரு காலத்தில் எண்ணற்றுத் திரிந்த புல்வெளிக் கோழிகள், உழவு பரவப் பரவ 1950களில் மாநிலத்திலிருந்தே அற்றுப்போயின. 1980களின் இறுதியில் கான்சஸ் மாநிலத்திலிருந்து கோழிகளைக் கொண்டுவந்து ரிங்கோல்டில் விட்டார்கள். கெல்லர்டன் என்ற சிற்றூரின் அருகே வசந்த விடியலில் சேவல்கள் கழுத்துப் பைகளை ஆரஞ்சு நிறத்தில் ஊதிக்கொண்டு, புட்டிவாயில் ஊதினால் வரும் ஓசையோடு காலைத் தட்டி ஆடும். ஆடுவதற்குக் குட்டைப் புல்லும், கூடுகட்ட உயரப் புல்லும் அருகருகே வேண்டும் என்கிற பறவை இது. அரசு வனவிலங்கு நிலம் மட்டும் இதற்குப் போதாது. சுற்றிலும் தனியார் மேட்டில் நிற்கும் புல்லும் வேண்டும். வடக்கு டகோட்டா பக்கத்துக் குட்டை நிலங்களில் இந்தத் திட்டத்தால் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் வாத்துகள் கூடுதலாகப் பெருகின என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் எந்தப் புல் எங்கே நிற்கிறது என்று நீங்களோ நானோ கேட்டால் பதில் வராது. அமெரிக்காவில் பண்ணை மானியம் யாருக்கு எவ்வளவு போனது என்பது பொதுத்தகவல். பெயர், ஊர், தொகை எல்லாம் கிடைக்கும். 4,600 பேர் வாழும் கவுண்டியில் இது எத்தனை விருந்து மேசைகளைக் கசப்பாக்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நண்பரின் தாயார் அந்தப் பட்டியலைப் பார்த்ததே இல்லை என்றார்; அடுத்த மூச்சில் அதில் பெரிய தொகை வாங்கும் ஒரு குடும்பத்தைப் பற்றித் துல்லியமாகச் சொன்னார். அதே வேளையில், 2008 வேளாண் சட்டத்தின் 1619ஆம் பிரிவு, விவசாயி அரசுக்குக் கொடுத்த நிலத் தகவலையும் வயலின் இருப்பிடத்தையும் வெளியிடத் தடை போடுகிறது. கவுண்டி முழுமைக்குமான ஏக்கர்க் கூட்டுத்தொகை வெளிவரும்; எந்தச் சரிவு, எந்த ஓடையின் கரை என்பது வராது.

எனக்கு இதுதான் பெரிய கோணலாகப் படுகிறது. எண்பது வயதுப் பெண்மணி என்ன வாங்கினார் என்பது ஊருக்கெல்லாம் தெரியலாம். அந்தப் பணத்தால் எந்த ஓடையில் எவ்வளவு மண் இறங்காமல் நின்றது என்பது, வரி கட்டியவருக்குத் தெரியக்கூடாது. அந்தரங்கம் காக்க வேண்டும் என்றால் பெயரை மறைத்துப் புல்லைக் காட்டியிருக்க வேண்டும். தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். விளைவு, பொதுவெளியில் நடக்கும் சண்டை முழுவதும் யார் வாங்கினார் என்பது பற்றியே நடக்கிறது. என்ன கிடைத்தது என்ற கேள்வி எழுவதே இல்லை. போதாக்குறைக்குப் பாதுகாப்பு மானியம் என்ற ஒரே தலைப்பின் கீழ் புல்லும் வருகிறது, பன்றிப் பண்ணையின் சாணக் குழியும் வருகிறது. 1996இல் தொடங்கிய மற்றொரு திட்டத்தில் பாதிப் பணம் கால்நடை சார்ந்த பணிகளுக்கு என்றே சட்டம் ஒதுக்கியிருக்கிறது. இரண்டையும் கூட்டி ஒரு கவுண்டிக்கு இவ்வளவு என்று எழுதினால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதைப் புரிந்துகொள்வது?

புல் நிலையானதும் அல்ல. 2007இல் நாடு முழுவதும் 3.68 கோடி ஏக்கர் இந்தத் திட்டத்தில் இருந்தது, அதுவே உச்சம். அதே ஆண்டு, பெட்ரோலில் மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலைக் கூடுதலாகக் கலக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. 2012இல் வறட்சியும் சேர்ந்து மக்காச்சோளம் புஷலுக்கு (சுமார் 25 கிலோ) எட்டு டாலரை எட்டிப்பிடித்தது. ஒப்பந்தம் முடிய முடிய உழுதார்கள். 2014இல் நாடாளுமன்றமே உச்சவரம்பை 2.4 கோடி ஏக்கராக வெட்டியது. 2021 வாக்கில் சேர்க்கை சுமார் 2.1 கோடிக்கு இறங்கியது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அரசு வாடகை கொடுத்துச் சேர்த்த வேரும் மட்கும் ஒரே வசந்தத்தில் கலப்பையின் கீழ் போயின. ஒரு கையால் புல்லுக்குக் காசு, மறு கையால் அதைப் பிடுங்கக் காசு. குத்தகைதானே, முடிந்தால் முடிந்தது என்று நிலக்காரர் நினைப்பதில் தவறில்லை. எத்தனை ஆண்டு வாடகை கொடுத்தாலும் அரசுக்கு அந்த மண்ணில் எந்த உரிமையும் மிஞ்சுவதில்லை.

இதன் செலவை நகரத்துக்காரர்கள் குழாயில் குடிக்கிறோம். டெஸ் மொய்னுக்குத் தண்ணீர் தரும் இரண்டு ஆறுகளும் வடக்கின் மக்காச்சோள நிலங்களிலிருந்து, உரத்தில் கரைந்துவரும் நைட்ரேட்டைச் சுமந்து வருகின்றன. நகரின் குடிநீர் அமைப்பு 2015இல் மூன்று கவுண்டிகளில் வயல்நீரை வடிக்கும் ‘வடிகால் மாவட்டம்’ என்ற அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தது; 2017இல் தள்ளுபடியானது. 2025 ஜூனில் நைட்ரேட்டைச் சுத்திகரித்து மாளாமல், புல்தரைக்குத் தண்ணீர் விட எங்கள் வட்டாரம் முழுக்கத் தடை போட்டார்கள். நகரத்துப் புல் காய்ந்ததற்குக் காரணம் வடக்கே போதிய புல் இல்லாதது என்பதை அன்றைக்கு எத்தனை பேர் யோசித்தார்களோ!

வடக்கு அயோவாவின் கரிசலை யாரும் முழு வயலாகப் புல்லுக்கு விடமாட்டார்கள், விடவும் வேண்டாம். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007 முதல் நீல் ஸ்மித் சரணாலயத்தில் நடத்திய சோதனையில், வயலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் சரிவின் குறுக்கே நாட்டுப்புல் பட்டையாக மாற்றினார்கள். நீர் வழிந்தோடுவது 37 விழுக்காடு குறைந்தது. முழுவதும் பயிரிட்ட வயலைவிட இருபது மடங்கு மண் தங்கியது. 2018 சட்டம் இந்தப் பட்டைகளையும் சி.ஆர்.பி. வாடகைக்குள் சேர்த்துவிட்டது. என்னைக் கேட்டால் பணம் போகவேண்டிய இடம் இதுதான். மேட்டில் பெரிய பெரிய துண்டுகளுக்குப் பத்தாண்டுக் குத்தகையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதைவிட, ஓடைக்கரைக்கும் சரிவின் குறுக்குப் பட்டைக்கும் முப்பது ஆண்டு ஒப்பந்தம் போடலாம். முப்பதாண்டுச் சோதனை முயற்சி ஒன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. புல்வெளிக் கோழிக்குப் பட்டை போதாது என்பது தெரியும். ஆகவே ரிங்கோல்ட் போன்ற நான்கைந்து கவுண்டிகளில் பெருந்துண்டுகள் தொடரட்டும்.

நண்பரின் தாயார் இதற்கெல்லாம் காத்திருக்க முடியாது. அவருடைய ஒப்பந்தம் வரும் செப்டம்பர் 30ஆம் தேதி முடிகிறது. நிலத்தைப் புதிதாக விவசாயத்துக்கு வரும் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டால் இரண்டாண்டு வாடகை கூடுதலாகத் தரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வேலிக்கு அப்பால் இருப்பவர் அந்தத் தகுதிக்குள் வரமாட்டார், ஆனால் நல்ல விலை சொல்லியிருக்கிறார். மகன் கணக்குப் போடுகிறார், தாய் தேவதாருவை எண்ணுகிறார். புதுப்பிக்க எப்போது விண்ணப்பிக்கலாம் என்று கவுண்டி அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். 2018 சட்டம் 2023இலேயே காலாவதியாகி, நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பில் ஓடிக்கொண்டிருப்பதால் தேதி வாஷிங்டனிலிருந்து வந்தால்தான் சொல்ல முடியும் என்று பதில். அதுவரை விதைக்கும் சொல்லி வைக்க முடியாது, குத்தகைக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.